தனியாகத் தூக்கி நிறுத்தலாம்: பழைய செரோ 225-உடன் ஆறு வருஷம்

இந்த மோட்டார் சைக்கிளை வாங்கலாமா என்று கேட்டு மாதத்துக்கு ரெண்டு பேராவது எனக்குக் கோல் எடுக்கிறார்கள். பெரும்பாலும் நம்ம தோட்டத்துத் தம்பிமார், கொழும்பில் கடை வேலை செய்து கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊருக்கு வந்தவர்கள். ஒவ்வொருத்தரிடமும் அரை மணித்தியாலம் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன், நல்லது கெட்டது ரெண்டையும்.

நான் ஓட்டுவது யமஹா செரோ 225. 2019-இல் ஹட்டனில் ஒருத்தரிடம் ரெண்டரை லட்சத்துக்கு வாங்கினேன், எனக்கு முன்னாலேயே மூன்று கை மாறிய வண்டி. அடுத்த வருஷம் மார்ச் மாதம் வாகன இறக்குமதியையே நிறுத்திவிட்டார்கள், அது மறுபடி திறக்க 2025 ஆகிவிட்டது, அந்த இடைவெளியில் இந்த மாதிரி பழைய ஜப்பான் வண்டிகளுக்கு ஏறிய விலையைப் பார்த்து வீட்டில் ‘வித்துருவோமா’ என்று கேட்டார்கள். விற்கவில்லை. விற்றுவிட்டு எதில் பள்ளிக்கூடத்துக்கு ஏறுவது?

செரோ 1985-இல் ஜப்பானில் வந்த மாடல். 223 சிசி, காற்றிலேயே குளிர்கிற ஒற்றை சிலிண்டர், 20 குதிரைவலு, ஆறு கியர், முன்னால் 21 அங்குல வீல், பின்னால் 18. பிற்பாடு அதையே 250 ஆக்கி 2020 வரைக்கும் செய்தார்கள். செரோ என்பது மலைச் சரிவில் வாழ்கிற, ஆடு போன்ற ஒரு மிருகத்தின் பெயர், நம்ம ஆட்கள் வரையாடு என்று சொல்வோமே கிட்டத்தட்ட அந்த வகை. அந்த வண்டியைப் பற்றி ஜப்பான்காரர்கள் ‘ரெண்டு சக்கரம், ரெண்டு கால்’ என்று சொல்வார்களாம். அதாவது வேகமாகப் பறக்கிறதுக்கு இல்லை, ஓட முடியாத இடத்தில் ரெண்டு காலையும் நிலத்தில் ஊன்றித் துழாவிக்கொண்டே ஏறுகிறதுக்குச் செய்தது. இருக்கை உயரம் 810 மில்லிமீட்டர்தான். நான் ஐந்தடி நாலு அங்குலம், ரெண்டு காலும் எட்டும். இந்த வண்டியைப் பற்றி முக்கியமாகத் தெரிய வேண்டியது இந்த ஒரு வரிதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

நோர்வூட் டவுனிலிருந்து நான் படிப்பிக்கிற மேல் டிவிஷன் பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர். முதல் ரெண்டு கிலோமீட்டர் நல்ல தார். ஸ்டோரை, அதாவது தேயிலை ஃபேக்டரியைத் தாண்டினால் வெள்ளைக்காரன் காலத்தில் கருங்கல் பதித்த ரோடு, எப்போதோ தார் ஊற்றிய அடையாளம் ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த மண்ணை மழை கழுவிக்கொண்டு போய்விட்டது, மிச்சம் நிற்பது பல் மாதிரி கல்தான். அதன்மேல் கொழுந்து லொறி போய்ப் போய் ரெண்டு பள்ளம், நடுவில் புல் முளைத்த முதுகு. முடக்குகளில் மட்டும் சீமெந்து போட்டிருக்கிறார்கள், அதுவும் நிழல் விழுகிற முடக்கு என்றால் பாசி பிடித்து சோப்பு மாதிரி. மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கினால் செப்டம்பர் வரைக்கும் எங்கள் பக்கம் காய்வதே இல்லை.

இந்த ரோட்டில் குதிரைவலு எவ்வளவு இருந்தாலும் வேலை இல்லை. முதல் கியரில், நடக்கிற வேகத்தில், எஞ்சின் நின்றுபோகாமல் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. செரோ ஏறுகிறது. கியரைக் கீழே போட்டுவிட்டு கிளச்சைத் தொடாமலேயே விட்டால் டிராக்டர் மாதிரி ‘டக் டக்’ என்று இழுத்துக்கொண்டு போகும். ஹேண்டிலும் ரெண்டு பக்கமும் நன்றாக மடங்கும், எந்த அளவுக்கு என்றால், லயத்து முற்றத்தில் உடுப்புக் காயப்போட்ட கயிற்றுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் ஒரே வெட்டில் திருப்பிவிடலாம், இறங்கித் தூக்கித் திருப்பத் தேவையில்லை. சாதாரண ரோட்டு பைக் வைத்திருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

சரி, விழுவதைப் பற்றிச் சொல்கிறேன். விழாமல் யாரும் இந்த ரோட்டில் ஓட்டியதில்லை. வாங்கி ரெண்டாவது மாதம், காலை ஆறே முக்கால், முன்னால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம், முடக்கில் டிராக்டர் இறங்கி வந்தது. ஓரம் ஒதுங்கினேன், பின் வீல் ரோட்டோரக் கானுக்குள் இறங்கியது, வண்டி என்னையும் சேர்த்து மெதுவாகச் சாய்ந்து தேயிலைக்குள் படுத்துக்கொண்டது. டிராக்டர்காரருக்கு நான் விழுந்ததே தெரியவில்லை, போய்விட்டார். பெட்ரோல் பூட்டை மூடிவிட்டு, வண்டிக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஹேண்டிலையும் பின் கேரியரையும் பிடித்துக்கொண்டு காலால் உந்தினேன், எழும்பிவிட்டது. பெட்ரோல், ஒயில் இல்லாமல் இதன் எடை 110 கிலோவுக்குள்தான். எங்கள் பாடசாலையிலேயே இன்னொரு சேர் பெரிய வண்டி ஒன்று வைத்திருந்தார், பார்க்க மிரட்டலாக இருக்கும், டவுனில் பெடியன்கள் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள். அது அதே கானில் விழுந்தபோது கவ்வாத்து மலையிலிருந்து நாலு பேர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து தூக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு நாலு பேர் பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

கனடாவில் இருக்கிற என் மச்சானுக்கு இந்த விஷயத்தை விளங்கப்படுத்தவே மூன்று வருஷம் எடுத்தது. அவருக்கு டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை பைத்தியம். யூகோன் பிரதேசத்திலிருந்து வடக்கே இனுவிக் வரைக்கும் கிட்டத்தட்ட 740 கிலோமீட்டர் கிரவல் ரோடு, நிலத்துக்குக் கீழே உறைந்து கிடக்கிற மண் உருகாமல் இருக்க சரளையை மேடாகக் கொட்டி அதன்மேல் போட்டது, 1979-இல் திறந்தார்களாம். பாதி வழியில் ஈகிள் ப்ளெய்ன்ஸ் என்று ஓர் இடம், ஆரம்பத்திலிருந்து 370 கிலோமீட்டர், அதற்கு முன்னால் பெட்ரோல் கிடையாது. தூசி பறக்காமல் இருக்க கல்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள், மழை பெய்தால் அதுவே சேறாகி வழுக்கும். மச்சான் இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியில், பெட்டியெல்லாம் பூட்டிக்கொண்டு போனார். மழைச் சேற்றில் சாய்த்துவிட்டு, அடுத்த லொறி வரும்வரை பக்கத்தில் குந்தியிருந்தாராம். போனில் அதைச் சொல்லிவிட்டு, ‘உங்க ரோட்டுக்குச் சின்ன வண்டி போதும் மாப்ள, இங்க தூரம் அதிகம்’ என்கிறார். தூரம் அதிகமாக, ஆள் குறைவாக இருக்கிற இடத்தில்தான் தனியாகத் தூக்கக்கூடிய வண்டி வேண்டும் என்று நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பெட்ரோல் கதைக்கு வந்தால் எங்களுக்கும் ஒரு ஈகிள் ப்ளெய்ன்ஸ் இருந்தது, 2022. ஷெட் அங்கேயேதான் இருக்கும், உள்ளே பெட்ரோல் இருக்காது. பெட்ரோல் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர். செரோ லீட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுக்கும், என் கையில், மேட்டு ரோட்டில். ஆக 140 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்துக்குப் போய்வர கிழமைக்கு எழுபது. மிச்சத்தில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டேன், அந்த நாட்களில் திரீவீல் கிடைக்காது, கிடைத்தாலும் கேட்கிற காசு கிடைக்காது. டாங்கி சின்னது என்று எல்லாரும் இந்த வண்டியைக் குறை சொல்வார்கள், என்னுடையதில் ஒன்பது லீட்டருக்குள்தான் கொள்ளும். உண்மைதான், தூரப் பயணத்துக்கு அது சிரமம். ஆனால் நாட்டிலேயே பெட்ரோல் இல்லாதபோது பெரிய டாங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்புறம் உயரம். இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானே பிளக்கைக் கழற்றிக் கழற்றிப் படித்தது. பட்டிப்பொல நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம், கிட்டத்தட்ட 1,890 மீட்டர். அந்த உயரத்தில் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. காற்று குறைந்தாலும் கார்பரேட்டர் பழைய கணக்கில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் தொண்டை அடைத்த மாதிரி ஓடும், பிளக் கரி பிடிக்கும். ஹட்டனில் எனக்கு வேலை பார்க்கிற மெக்கானிக் பாஸ் மெயின் ஜெட்டை, அதாவது கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற துவாரத்தை, ஓர் அளவு குறைத்துப் போட்டுக் கொடுத்தார், அன்றிலிருந்து பட்டிப்பொலக்கும் ஏறும், அம்பேவெல பால் வாசத்தையும் தாண்டும். ஆனால் அதே ஜெட்டோடு பணிய நாட்டுக்கு, சூட்டுக்குள் இறங்கினால் இப்போது பெட்ரோல் குறைந்து எஞ்சின் காயும். அதனால் வடக்கே போகிறதுக்கு முதல் நாள் பழைய ஜெட்டை மாட்டிக்கொள்வேன். இருபது நிமிஷ வேலை. இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

வடக்கு என்றால் எனக்குக் கிளிநொச்சிப் பக்கம் தருமபுரம். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்திலிருந்து வன்னிக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் எங்கள் பெரியம்மா குடும்பமும் ஒன்று. வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். கண்டியில் ஏ9 ரோட்டைப் பிடித்தால் மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், அங்கே வலப்பக்கம் முல்லைத்தீவு ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம். மொத்தம் 340 கிலோமீட்டருக்கு மேல். ஏ9 கார்பெட் ரோடு, நேர்கோடு, செரோவுக்கு அதுதான் சித்திரவதை. எழுபதில் சந்தோஷமாகப் போகும், சட்டமும் பைக்குக்கு எழுபதுதான் என்கிறது, அதனால் எனக்கும் பொலிஸுக்கும் சண்டை வந்ததில்லை. ஆனால் சீட் ஒல்லி. மதவாச்சி தாண்டினால் நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும், நான் ஒரு கம்பளித் துண்டை மடித்துக் கட்டிக்கொள்கிறேன்.

வண்டி திரும்ப உயிர் பெறுவது உள் ரோட்டில். தருமபுரத்திலிருந்து கல்மடுக் குளத்துப் பக்கம், விசுவமடு தாண்டி உள்ளே, சிவப்புக் கிரவல் ரோடுகள். மலையில் கல்லைப் பார்த்து ஓட்டுகிறவனுக்கு இந்தக் கிரவல் முதலில் பயமாக இருக்கும், கூரைத் தகரம் மாதிரி அலை அலையாக இருக்கும், முப்பதில் போனால் பல் ஆடும். ஐம்பதைத் தாண்டினால் டயர் அலையின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு மிதக்கும், ஆட்டம் நின்றுவிடும், ஆனால் பிரேக்கும் குறைந்துவிடும், மாடு குறுக்கே வந்தால் கடவுள்தான். டயரில் காற்றை 18, 20 பிஎஸ்ஐ-க்கு இறக்கிவிடுங்கள், பெரிய வித்தியாசம். தூசி மாவு மாதிரி, எயார் ஃபில்டர் ஸ்பொஞ்சை ரெண்டு நாளைக்கு ஒருக்கால் கழுவிக் காயவைத்து ஒயில் போட்டு மாட்ட வேண்டும். மழை தொடங்கினால், அதாவது ஒக்டோபருக்குப் பிறகு, அந்தத் தூசியே பசை. போகிறது என்றால் ஜூலை, ஓகஸ்ட். அப்போது எங்கள் பக்கம் மழை, பள்ளிக்கூட லீவும் வரும்.

இன்னும் ஒன்று, இது வண்டி விஷயம் இல்லை. மலையில் அவசரத்துக்கு ரோட்டை விட்டு இறங்கித் தேயிலைக்குள் ஒதுங்குகிற பழக்கம் நமக்கு. வன்னியில் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு மிதிவெடி என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள்.

கல்மடுவில்தான் இந்த வண்டி என்னை நட்டாற்றில் விட்டது, இல்லை, வண்டியைச் சொல்லக்கூடாது, பேட்டரிதான். என்னுடைய செரோவில் கிக் இல்லை, செல்ஃப் மட்டும். ஊரில் பேட்டரி செத்தால் எனக்குக் கவலையே இல்லை, எந்தப் பக்கம் பார்த்தாலும் இறக்கம், ரெண்டாவது கியரில் போட்டு உருட்டினால் பத்தாவது அடியில் ஸ்டார்ட். வன்னியில் இறக்கத்துக்கு எங்கே போவது? குளக்கட்டு மட்டும்தான் மேடு, அதில் ஏற்றவே ரெண்டு பேர் வேண்டும். குளித்துக்கொண்டிருந்த மூன்று பெடியன்கள் வந்தார்கள். ஒருத்தன் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘அண்ணை, உதில கிக்கர் இல்லையோ?’ என்றான். இல்லை என்றேன். ‘அப்ப என்னத்துக்கு உதக் கொண்டு காட்டுக்க வந்தனீங்கள்?’ அவன் கேட்டது நியாயம். மூன்று பேரும் ஈரச் சாரத்தோடு தள்ளி, நாலாவது முயற்சியில் பிடித்தது. ஊர் திரும்பி, பேட்டரி வாங்கிய கடையில் உத்தரவாத அட்டையைக் கொடுத்தால், தண்ணீர் பட்டிருக்கிறது, செல்லாது என்றார்கள். மழை நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு விற்ற பேட்டரிக்குத் தண்ணீர் படக்கூடாதாம். இப்போது கிளம்புவதற்கு முதல் நாள் மீட்டரில் வோல்டேஜ் பார்க்கிறேன், 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடாமல் ஏ9 பக்கம் தலைவைப்பதில்லை.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கிளச் கேபிள், பிரேக் பேட், செயின் செட் ஹட்டனிலேயே பொருத்தமாகப் பார்த்துப் போடலாம். எஞ்சினுக்குள் போகிற சாமான் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை, அங்கேயும் ஒரு நாள் முழுக்க அலைய வேண்டும், கையில் பழைய சாமானைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், பெயர் சொன்னால் வேறு எதையாவது தருவார்கள். லைட் வெளிச்சம் மூட்டத்துக்குப் போதாது, நான் சின்னதாக ஒரு மஞ்சள் லைட் தனியாகப் போட்டிருக்கிறேன்.

இதில் ஓட்டியதிலேயே எனக்குப் பிடித்தது எது என்றால் ஒஹியவிலிருந்து உடவேரிய தோட்டம் வழியாகக் களுபஹனைக்கு இறங்குகிற ரோடு. டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் என்று வெளியூர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கிற நம்ம சனத்துக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. பிள்ளைத்தாய்ச்சியை அந்தப் படிக்கட்டில் ஏற்றி இறக்குகிற ஆட்களுக்கு முன்னால் நாம் ஹெல்மெட்டில் கமரா பூட்டிக்கொண்டு சாகசம் பேசுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். முடக்குக்கு மேல் முடக்கு, உதிரிக் கல், ஒரு பக்கம் பள்ளம். முதல் கியர், எஞ்சின் பிரேக், பின் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் முடிந்தது கதை. கீழே 263 மீட்டர் பம்பரகந்த அருவி, அங்கே உட்கார்ந்து கையை உதறினால்தான் விரல் விரியும். கால் எட்டாத வண்டியில் அந்தப் பக்கம் போகாதீர்கள், அனுபவம் இருந்தாலும்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலை சரிந்தபோது இந்த வண்டியை வேறு மாதிரிப் பார்த்தேன். மேல் டிவிஷன் ரோடு ரெண்டு இடத்தில் உடைந்துவிட்டது, ஓர் இடத்தில் பாதி ரோடு அப்படியே கீழ் மலைக்குப் போய்விட்டது. மழை விட்டு, மண் நின்று, போகலாம் என்று சொன்ன பிறகு, வேன், திரீவீல் ஒன்றும் ஏற முடியாத நாட்களில், உடைந்த இடம்வரை ஓட்டிக்கொண்டு போய் எஞ்சினை நிறுத்துவேன், அந்தப் பக்கத்திலிருந்து ரெண்டு பேர் வருவார்கள், வண்டியைத் தூக்கித் தேயிலைப் புதர் ஓரமாக நடந்து அடுத்த பக்கம் வைப்பார்கள், மறுபடி ஸ்டார்ட். பின்னால் பால்மா, பிரஷர் மாத்திரை, ஒரு தடவை சமையல் காஸ் சிலிண்டரும். மூன்று கிழமை இப்படித்தான் ஓடியது.

யாருக்கு இது சரிவராது என்றும் சொல்லிவிடுகிறேன். தினமும் கொழும்பு–ஹட்டன் ஓடுகிறவர், மனைவி பிள்ளையோடு தூரம் போகிறவர், டவுனில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர் வாங்க வேண்டாம். ஆறடி உயரம் என்றால் முழங்கால் இடிக்கும்.

வாங்குகிறவர்கள் குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், நீங்கள் போகும்போதே சூடாக்கி வைத்திருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பின்னாலிருந்து பார்த்து ரெண்டு வீலும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இந்த வண்டிகள் எல்லாமே ஒரு தடவையாவது கானில் படுத்திருக்கும். ஓப்பன் பேப்பர், அதாவது பேர் மாற்றாமலே கை மாறிய வண்டி என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சேசி நம்பர் ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பக்கம் அடித்திருக்கும், சேற்றை நன்றாகத் துடைத்துவிட்டு டோர்ச் அடித்து வண்டிப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். நான் துடைக்காமல் வாங்கினேன், கடைசி இலக்கம் 3 இல்லை 8 என்று தெரிந்து, பேர் மாற்ற ஏழு மாதம் அலைந்தேன்.